நாலு மணிக்குப் பார்த்த ஸ்லைடு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், அக்கா வீட்டிலும் சுகம், அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து பேசினால் காற்றுதான் வருகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவை மட்டும் இந்த வரியில் சேர்க்கவில்லை, கவனித்திருப்பாய். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அழைப்பது வேலை முடிந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எது சொன்னாலும் "சரிம்மா, பாத்துக்கலாம்மா" என்பாய், எனக்கும் அந்த நேரத்தில் பாதி உயிர்தான் இருக்கும். அதனால் காலை ஏழு மணிக்குச் சோதனைக்கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், படமெடுத்து அனுப்புவேன். நீயும் காலையில் எழுந்து முகம் கழுவிய பிறகு படி.

என் வேலை முறை உனக்குத் தெரிந்ததுதான். ஏழிலிருந்து பத்து வரை மைக்ராஸ்கோப், சந்தேகமான ஸ்லைடுகள் எல்லாம் அப்போதுதான். மத்தியானத்துக்கு மேல் லேபிள் ஒட்டுவது, குழாய்களைக் கழுவுவது, ரிப்போர்ட்டை மடித்து உறையில் போடுவது. அம்மாவுக்கு மத்தியானம் ஆனால் கண்ணில் ஷட்டர் இறங்கிவிடும் என்று வரவேற்பில் இருக்கும் பெண் கிண்டல் செய்வாள். செய்யட்டும், இருபத்தாறு வருஷத்தில் என் ரிப்போர்ட் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. போன மாதம் வரை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா கையில் அடிபடாமலே அங்கங்கே நீலம் கட்டியிருந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்ள வந்தவர் ஓட்டிக்கொண்டிருக்க, சொல்லிக்கொடுக்கிற இவர் தூங்கி விழுந்திருக்கிறார். நான்தான் இங்கே வரச் சொன்னேன், காலையிலேயே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கூட்டம். வெளி ஆட்கள் காத்திருக்கிறார்கள், இவர் நம் வீட்டு ஆள்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருடைய ஸ்லைடை ஒதுக்கி வைத்தேன். எடுக்கும்போது மணி நாலு. ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். போன மாதம் பெரிய டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்றார். மெதுவாக வளர்கிற வகையாம், மருந்துக்குக் கேட்குமாம், ஆனால் இனித் தள்ளிப்போடக் கூடாதாம். பழைய ஸ்லைடைத் தேடி எடுத்துக் காலை வெளிச்சத்தில் பார்த்தேன். இருக்கக் கூடாத செல்கள் அதிலேயே இருக்கின்றன, பயிற்சிக்கு வரும் பெண்கூடக் கண்டுபிடித்திருப்பாள்.

இப்போது சிக்கல் என்னவென்றால் அவர் ஆஸ்பத்திரியில் சேர மாட்டேன் என்கிறார். திங்கட்கிழமைக்குப் படுக்கை சொல்லி வைத்திருக்கிறது. என் ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "என் பெண்டாட்டி பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கா, அவளைவிட இவங்களுக்கு என்ன தெரியும்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுகிறார். நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் ஒரு முறை சொன்னேன். சிரித்தார். "என்னை அங்க கொண்டுபோய்ப் படுக்கவைக்க நீ என்ன பொய்யும் சொல்லுவே" என்றார். எனக்குக் கோபம் வந்து கத்தினேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அது மாலை ஏழு மணி, இரண்டு பேரும் எதற்கும் உதவாத நேரம். அதைச் சொல்ல அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது என் இரண்டாவது தப்பு.

அவருக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. காலை வகுப்பு முடிந்து இரண்டாவது டீ குடித்த பிறகு, பத்தரை மணிக்கு, ஆளே வேறு. புதிதாகக் கற்பவர்களைப் பெரிய பாலத்தில் ஓட்டவிடுவது அப்போதுதான், மாலையில் ரிவர்ஸ் மட்டும். உனக்கு மாலையில்தான் சொல்லிக்கொடுத்தார், அதனால்தான் நீ இன்னும் எங்கே போனாலும் பஸ்ஸில் போகிறாய்.

இன்றைக்குப் பத்தரைக்கு அவரை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எது இருக்கக் கூடாது என்று காட்டி, அவரையே பார்க்கவைக்கப் போகிறேன். சட்டைப்பையில் இருக்கும் அந்தக் காகிதத்தை நானே கேட்டு வாங்க வேண்டும். அதன் பிறகு என்னை என்னவென்று நினைப்பார் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எழுந்ததும் போனைத் தேய்த்தே நல்ல நேரத்தைக் கரைக்காதே. ஞாயிற்றுக்கிழமை இங்கே பத்தரை ஆகும்போது அப்பாவை அழைத்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரச் சொல், மறக்காதே, மாலையில் கேட்டால் கட்டாயம் மாட்டேன் என்பார். என்மேல் கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அவரிடம் வேண்டாம். பக்கத்துத் தட்டில் பதினாலு ஸ்லைடுகள் வரிசையில் இருக்கின்றன. இன்றைக்கு மட்டும் நம் வீட்டு ஆளின் ஸ்லைடு முன்னால் போகட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா