காதைத் தொடாத கை

என் நைனாவுக்கு,

நேரில் உன்னை நீ, வா, போ என்றுதான் பேசினேன். செத்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக இப்போது 'தாங்கள்' போட எனக்கு வரவில்லை. கோர்ட்டில் நாள் முழுக்க மரியாதை வார்த்தைகளாகவே டைப் அடிக்கிறேன், உனக்காவது அது இல்லாமல் எழுதிக்கொள்கிறேன்.

எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் அது பொய். தம்பிக்கு வேலை போய்விட்டது. சிறுசேரி கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் ஓட்டிக்கொண்டிருந்தானே, அந்த வேலைதான். டிரைவர்கள் எல்லோரும் போலீசில் சான்று வாங்கி வர வேண்டும் என்று புதிதாகச் சொன்னார்கள். ஸ்டேஷனில் பழைய பதிவைப் பார்த்தார்கள். மாமல்லபுரம் கேஸும் ரெண்டு வருஷத் தண்டனையும் அதில் இருந்தன. சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வண்டியில் ஒட்டி வைத்திருந்த மகளின் போட்டோவைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ரெண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்திருக்கிறான். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ரெண்டு வருஷம் எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே நீயும் நானும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டாய். மிச்சம் நான்.

அது ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. நீ விடிவதற்குள் படாளத்துப் பக்கம் கரும்பு வெட்டக் கிளம்பிவிடுவாய். எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நாலு வயதுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அவனையும் என்னோடு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று கூட்டி வந்தாய். ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டால் ஐந்து வயது.

தம்பியின் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. நீ பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவன் பின்மண்டையில் கையை வைத்தாய். "அக்கா கூட ஒக்காரணும்ல, தொடுடா கண்ணு" என்று சொல்லித் தலையை வலது தோள் பக்கம் லேசாகச் சாய்த்தாய். தொட்டுவிட்டான். ஹெட்மாஸ்டர் பார்த்தார், பார்க்காத மாதிரி ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு ஐந்து வயது என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். மத்தியானச் சோறு கிடைக்கும், தெருவில் அலையாமல் இருப்பான் என்பதைத் தவிர உன் மனதில் வேறொன்றும் இல்லை. அதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கே அவனுக்கு ரெண்டாவது பெயரும் வந்தது. வீட்டில் சவரி, பள்ளியில் குமார். நான் வீட்டில் ஆரோக்கியமேரி, பள்ளியில் மல்லிகா. நீ கோயிலில் சூசை, ரேஷன் கார்டில் ஏழுமலை. வெளியார் இதைப் படித்தால் திருட்டுத்தனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஞானஸ்நானம் வாங்கியவனுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்பது சட்டம். நாம் ஞானஸ்நானம் வாங்கியதால் நம் தெரு ஊருக்குள் நகர்ந்து வந்துவிடவில்லை, டீக்கடையில் உனக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸும் மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாற வேண்டுமாம். அதனால்தான் நம் தெருவில் வீட்டுக்கு வீடு ரெண்டு பெயர்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு மாமல்லபுரத்தில் ஓட்டல் ஓட்டலாகப் பாத்திரம் கழுவினான். அங்கேதான் அந்த ரெண்டு பெரிய ஆட்கள் அவனைப் பிடித்தார்கள். ஆள் ஒல்லி, ஜன்னலில் நுழைவான். பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவின் பாத்ரூம் ஜன்னல் வழியாக அவனை உள்ளே இறக்கிக் கதவைத் திறக்கவைத்தார்கள். அவன் போனான், செய்தான், அதை நான் மறைக்கவில்லை. மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு அவனுக்கு உண்மையில் பதினேழு வயது ஐந்து மாதம். பள்ளிச் சான்றிதழில் பதினெட்டு தாண்டியிருந்தது. போலீசார் காகிதத்தில் இருந்ததை எழுதிக்கொண்டார்கள்.

பதினெட்டுதான் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் சிறுவர்களுக்கான தனி விசாரணை, ஜெயில் கிடையாது, பின்னால் அவன் பெயரில் ஒரு கறையும் நிற்காது. அந்தப் பக்கம் இருந்தால் பெரியவர்களோடு ரிமாண்ட், பெரியவர்களோடு தண்டனை. நம் செங்கல்பட்டில் சிறுவர்களை வைக்கும் பள்ளியும் உண்டு, கிளைச் சிறையும் உண்டு. ஒரு வருஷ வித்தியாசத்தில் அவன் கிளைச் சிறைக்குப் போனான்.

இலவச சட்ட உதவியில் வந்த அந்த வக்கீல் நல்ல மனுஷன். கோர்ட் வாசலில் நம் ரெண்டு பேரையும் நிறுத்திப் பொறுமையாகச் சொன்னார். எலும்பு எக்ஸ்ரே பார்த்த டாக்டர் பதினேழிலிருந்து பத்தொன்பதுக்குள் என்று பட்டும் படாமலும் எழுதியிருக்கிறார், கையில் ஒரு காகிதம் இருந்தால் அடித்துப் பேசலாம் என்றார்.

"பையன் வயசுக்கு வேற எதுனா பேப்பர் கீதாய்யா?"

இருந்தது. நம் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவன் பிறந்த நாள், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் அந்தக் காலத்துச் சாமியார் கையெழுத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்தால், அதிலிருக்கும் சூசைதான் சான்றிதழில் இருக்கும் ஏழுமலை என்று நீ கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். சொன்னால், ஏழுமலையின் மகள் மல்லிகா எந்த இடத்தில் வேலைக்குப் போகிறாள் என்ற கேள்வி தானாக வரும். எனக்கு அந்த மாதம்தான் உத்தரவு வந்திருந்தது. கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை, எஸ்.சி. இடத்தில். நம் தெருவுக்கே முதல் கவர்மெண்ட் வேலை. அந்த உத்தரவு அப்போது என் கைப்பைக்குள் இருந்தது.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சார்" என்றாய். "வேற எதுவும் இல்ல."

நைனா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஏழு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ கேட்டாய், நைனா. அந்தப் பார்வைக்கு வேறு என்ன அர்த்தம்? நான்தான் வாயைத் திறக்காமல் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ கோயிலில் நன்மை வாங்கவே இல்லை. மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அந்த அப்பத்தை வாங்கக் கூடாதே. முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தவன் கடைசித் தூணுக்குப் போய்விட்டாய். எல்லோரும் வரிசையில் போகும்போது நீ மட்டும் அசையாமல் இருப்பாய். கேட்டால் முட்டி வலி என்பாய். நான் அதை நம்பினேன், நம்புவதற்கு வசதியாக இருந்தது. ஆனால் நான் மட்டும் வாரா வாரம் கூச்சமில்லாமல் போய் நாக்கை நீட்டினேன். மனு போட்டு அவனைப் பார்க்க ஜெயிலுக்குப் போகும்போதும் நீ என்னைக் கூப்பிட மாட்டாய். உனக்கு லீவு கிடைக்காதும்மா என்று சொல்லிவிட்டு, பன்னும் வாழைப்பழமுமாகத் தனியாகக் கிளம்பிவிடுவாய். நானும் வருகிறேன் என்று ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

என் வேலையைப் பற்றிக் கேட்பாயே, சொல்கிறேன். ரிமாண்ட், ஜாமீன், தீர்ப்பு என்று எது வந்தாலும் என் கண் முதலில் வயதுக்குத்தான் போகும். பதினெட்டு, பத்தொன்பது என்று இருந்தால் கேஸ் கட்டைப் புரட்டிப் பள்ளிச் சான்றிதழைப் பார்ப்பேன். எத்தனை பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள் தெரியுமா? எல்லோருக்கும் பின்னால் ஒரு நைனாவின் கை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு டைப் அடிப்பேன்.

இப்போது சட்டத்தில் ஒரு வழி வந்திருக்கிறது. கேஸ் முடிந்து, தண்டனையும் முடிந்துபோயிருந்தாலும், சம்பவத்தன்று எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று ஒருவன் வந்து கேட்கலாம். நிரூபித்தால் அந்தத் தண்டனை இல்லாமல் போய்விடும். அப்படி ஒருத்தருக்கு வந்த உத்தரவை நானே டைப் அடித்தேன். 'மனு அனுமதிக்கப்படுகிறது' என்று முடித்துவிட்டு எழுந்துபோய் பாத்ரூமில் அழுதேன். அதற்குப் பிறகும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கு வேலை போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணுபுரம் தாண்டி அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போனேன். புத்தகம், வக்கீல் கேட்டது, நீ பார்த்தது, நான் தரையைப் பார்த்தது, எதையும் விடாமல் சொன்னேன். வெளியே போ என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மகளுக்கு முடி சீவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"தெரியும்க்கா. மொத மனுவுக்கு வந்தப்பவே நைனா சொல்ட்டாரு. கம்பியப் புடிச்சிகினு அழுதாரு. பொஸ்தகத்த எடுத்தாந்து குடுத்துட்றேன்டான்னாரு. நான்தான் வேணான்னேன். அக்காவாச்சும் போயி சேர்ல ஒக்காரட்டும்னேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, நைனா. உன் மேலும் அவன் மேலும். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன் நின்று என் வாழ்க்கையைப் பேசி முடித்துவிட்டு, ரெண்டு பேரும் என்னிடம் மூச்சு விடவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை எனக்காக ஜெயிலில் இருந்திருக்கிறான், நான் சம்பளத்தில் அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நல்ல அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? திரும்பவும் தரையைத்தான் பார்த்திருப்பேனா?

வயதைச் சொல்லிக் கோர்ட்டில் மனு போடலாம் என்றதும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கேப் இல்லாவிட்டால் லோடு ஆட்டோ ஓட்டிக்கொள்கிறேன், உன் வேலையும் போய்விட்டால் நான் உள்ளே இருந்ததற்கு என்ன அர்த்தம் என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு ஒன்றுதான் சொல்லத் தோன்றியது.

"இத்தினி வருசமா உன் முதுவுல ஒக்காந்துகினு வந்துட்டேன்டா. எறக்கி வுடு."

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். ரொம்ப நேரம் கழித்து வந்து பேனா இருக்கிறதா என்று கேட்டான். நான் எடுத்துப்போயிருந்த வக்காலத்தில் 'குமார் என்கிற சவரி' என்று எழுதியிருந்ததை ரெண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

சாமியார் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தம்பியின் வரியைத் தேடும்போதே சில பக்கங்களுக்கு முன்னால் என் வரியும் கண்ணில் பட்டது. ஆனால் புத்தகம் மட்டும் போதாது என்கிறார் இப்போதைய வக்கீல். கோர்ட்டில் பள்ளிச் சான்றிதழுக்குத்தான் முதல் மரியாதையாம். அதில் எழுதிய தேதி எப்படி வந்தது என்று பார்த்த ஆள் வந்து சொல்ல வேண்டும், சூசையும் ஏழுமலையும் ஒரே ஆள் என்றும் சொல்ல வேண்டும். ஹெட்மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீயும் இல்லை. மிச்சம் நான் ஒருத்திதான் என்று எழுதினேனே, அது இதற்கும் சேர்த்துத்தான்.

வேலை போகலாம் என்று வக்கீல் மறைக்காமல் சொன்னார். யாரும் கவனிக்காமல் விட்டாலும் விடலாம் என்றார். அப்படியே விட்டுவிட மாட்டார்களா என்று ஆசையாகத்தான் இருக்கிறது, உன்னிடம் எதற்குப் பொய்? பயமாகவும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, கோர்ட்டுக்கு நானும் வர்றேன் என்றார்.

வருகிற திங்கட்கிழமை விசாரணை. நான் உட்காரும் நாற்காலிக்கு எதிரில்தான் அந்தக் கூண்டு. எத்தனையோ பேர் அதில் நின்று சொன்னதை டைப் அடித்திருக்கிறேன், அன்றைக்கு நான் சொல்வதை இன்னொருத்தி அடிப்பாள். டவாலி என் பெயரைக் கூப்பிட்டதும் ஏறுவேன். ரெண்டு பெயரையும் சொல்வேன். என் தம்பிக்கு நாலு வயது, அவன் கை காதுக்கு எட்டவில்லை, எங்கள் நைனா தலையைச் சாய்த்தார், பிள்ளை பசியோடு தெருவில் நிற்கக் கூடாது என்று சாய்த்தார் என்று சொல்வேன். அது முடிகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உன் கடைசித் தூணண்டைதான் உட்கார்ந்திருப்பேன்.

வேறு எதுவும் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கும்போது, இந்தத் தடவை தரையைப் பார்க்க மாட்டேன், நைனா. இருக்கிறது என்பேன்.

உன் மூத்த மகள்,
மல்லிகா என்கிற ஆரோக்கியமேரி