பாதியில் நிற்கும் ஆதிமூலம் கேஸ்

மூலக்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கமலவேணிக்கு,

மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்து கோபம் கெட்டுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு திருட்டை ஒத்துக்கொள்கிறேன். பீரோவில் ஆட்டோ இன்சூரன்ஸைத் தேடும்போது உன் எம்.எஸ்.டபிள்யூ. சமூகப்பணிப் படிப்பு நோட்டு கையில் வந்தது. இங்கிலீஷில் மாற்றுவதற்கு முன்னால் தமிழில் எழுதிவைப்பாயே, அதுதான். ஆறாவதோடு நின்றவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க மூன்று நாள் ஆனது.

யாரம்மா அந்த ஆதிமூலம்? வயது நாற்பத்தொன்பது. மில் வேலை போனதை மூன்று மாதம் வீட்டில் சொல்லாமல், தினமும் சாப்பாட்டுக் கூடையோடு கிளம்பி உப்பளம் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவராம். 'வலியைக் கிண்டலால் மூடிக்கொள்கிறார்' என்று வேறு! பெயரை மாற்றினால் என் மூஞ்சி மாறிவிடுமா? கட்டின புருஷனைக் கேஸாக்கி மார்க் வாங்கப் பார்க்கிறாய். ஆதிமூலம் குறட்டை விடுவது எந்தப் பாடத்தில் வருகிறது?

இந்தக் கோபத்தோடுதான் நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துக்கும் போனேன், களப்பயிற்சிக்கு ஒரு மாதம் லீவு கேட்டு உன் காலேஜ் கொடுத்த கடிதத்தைக் கொடுக்க. வாயால் சரி என்று உன்னை அனுப்பிவைத்த அதே செயலாளர், கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வயசுல என்னாத்துக்குய்யா படிப்பு? ஒண்ணாந்தேதி வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார். பதினோரு வருஷம் அங்கே பீ மூத்திரம் அள்ளினது நீ. அவர் மேடையில் படிக்கிற வருஷ அறிக்கையை எழுதிக் கொடுக்கிறதும் நீ. "அவ படிச்சிட்டு வந்தா ஒங்க நாற்காலியக் கேப்பான்னு பயமா சார்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். வெளியே போ என்றார். "கடுதாசி வாங்கிக்கினேன்னு ஒரு சீல் போடுங்க, போயிடறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் மைதானத்தில் உட்கார்ந்து பழகின உடம்பு. சாயங்காலம் சீல் விழுந்தது.

நீ என்னடாவென்றால், நேற்று போனில் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷம் சனி ஞாயிறு காலாப்பட்டு காலேஜுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள் நீ. நான் வைத்த சாம்பாரை வாய் திறக்காமல் சாப்பிட்டவள். அதெல்லாம் அந்த ஆள் உனக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னதும் ஒன்றுமில்லாமல் போய்விடுமா? வேறு ஆளைப் போட்டால் போடட்டும். சீல் போட்ட காகிதம் நம்மிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டில் கடைசியாக, 'அந்த மூன்று மாதமும் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை இன்னும் சொல்லவில்லை. கேஸ் முடியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அப்படி இருக்கும்போது நீ எப்படிப் பாதியில் விடுவாய்? முப்பது நாளையும் முடித்துவிட்டு வா. ஆதிமூலம் சொல்லுவார். கிண்டல் பண்ணாமல் சொல்லுவார்.

மலையில் தனியாக நடக்காதே. வேளைக்குச் சாப்பிடு. மணக்குளத்துப் பிள்ளையார் உன் கூடவே இருப்பார்.

இப்படிக்கு,
உன் கேஸ்,
கமலக்கண்ணன்

பி.கு.: நோட்டில் குழம்பு கொஞ்சம் சிந்திவிட்டது. துடைத்து வாசலில் காயவைத்தேன். ஆதிமூலம் வருகிற நான்கு பக்கத்தையும் எதிர்வீட்டு மாடு தின்றுவிட்டது. மாடு நலம்.