மின்னஞ்சலில் கூப்பிட்டால்

செவ்வாய், படுக்கப் போகுமுன்.

நோர்வேஜியக் கடிதத்தைப் படமெடுத்தால் தமிழில் வாசித்துச் சொல்லும் எங்கள் செயலி, வெளியிடுமுன் சோதிக்க ஆளில்லாமல் கிடக்கிறது. ரொம்மன் பகுதியிலுள்ள எங்கள் தமிழாட்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பினேன். ஒருவரும் சேரவில்லை. "ஆர்வமில்லைப் போல. செயலியிலிருந்து தமிழை எடுத்துவிடுவோம்" என்றான் என் மேலாளன் லார்ஸ். வெள்ளிவரை பொறு என்றேன்.

வேலை முடிந்த கையோடு ரொம்மனுக்குப் போய், அழைப்பு அனுப்பியவர்களில் ஒருவரான சறோ அக்காவின் கதவைத் தட்டினேன்.

"அழைப்பு வந்ததோ அக்கா?"

"ஓம், வந்தது. ஆனா நீ வீட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை. மெயிலிலை கூப்பிட்டா எப்பிடிப் பிள்ளை வாறது?"

கலியாணத்துக்கா கூப்பிட்டேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் அவர் கைபேசியில் செயலி இறங்கிவிட்டது.

வெளிக்கிடும்போது சொன்னார்: "கீழ்வீட்டுச் செல்விக்கும் சொல்லிப்போட்டுப் போ. இல்லாட்டிக் கோவிப்பா."

சொன்னேன். செல்வியும் சேர்ந்துவிட்டார்.

ஆர்வமில்லையாம். நாங்கள் இன்னும் ஒருவரையும் முறையாக அழைக்கவேயில்லை என்று நாளை லார்ஸிடம் சொல்வேன். வெள்ளிவரை வீடுவீடாகப் போய்த் தேத்தண்ணீர் குடிப்பேன். அதற்குப் பிறகு தமிழை எடுத்துப் பார்க்கட்டும்.