கடைசி நிறுத்தத்து வெல்லக் கேக்

ஜனவரி 9

அன்புள்ள கண்டக்டருக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லையடா. மகன் வீட்டுக்கு வந்த நாளாகத் தொண்டையில் அடைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது கட்டியாம். வெட்டி எடுத்தால் பிழைப்பேனாம். ஆனால் குரல் போய்விடும், வாயால் சாப்பிடுவதும் அதோடு சரி என்கிறார் டாக்டர். வயிற்றில் குழாய் வைத்து அதில் கஞ்சி ஊற்றுவார்களாம்.

"கையெழுத்துப் போடுங்கப்பா"ன்னு மகன் நச்சரிக்கிறான். நான் பிடி கொடுக்கவில்லை. வாய்க்கு ருசியாகத் தின்றே வாழ்ந்தவன் நான், உனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு ஆசை. நம் கடைசி நிறுத்தத்தில் பலகாரக்கார அம்மா ஆவியில் அவிப்பாளே, வெல்லக் கேக், அதைத் தின்ன வேண்டும். அவள் மூடியைத் தூக்கினால் உன் கண்ணாடியில் ஆவி படிந்து, நீ சில்லறை தெரியாமல் தடவுவாய். நாலே நாலு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வா. வீட்டில் மூச்சு விடாதே. தின்ற பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

உன் டிரைவர்


ஜனவரி 15

மதிப்பும் அன்பும் நிறைந்த டிரைவர் அண்ணனுக்கு,

என்னைத் திட்டுங்கள். கொண்டு வரமாட்டேன்.

உங்கள் மகனிடம் போனில் பேசினேன். தண்ணீரே தப்பான வழியில் இறங்கிப் புரையேறுகிறதாமே. நான் கொடுத்த துண்டு அடைத்து உங்களுக்கு ஏதாவது ஆனால், அண்ணி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நேற்றுக் கடைக்குப் போனேன். "எங்க உங்க ஜோடி? அவருக்குப் பிடிச்ச மாதிரி ஓரத்துல வெந்ததா எடுத்து வெச்சிருக்கேன்"னு அந்த அம்மா கேட்டார்கள். பக்கத்தில் சோளம் சுடுகிறவரும் விசாரித்தார். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு நாள் நான் அங்கே கேக்கும் வாயுமாக நிற்க, பயணி எவனோ "ரைட்" என்று கத்த, நீங்கள் என்னை விட்டுவிட்டு வண்டியை எடுத்தீர்களே. பின்னாலேயே ஓடினேன், கேக்கை மட்டும் விடவில்லை. அதை நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். உங்களால் தின்ன முடியாததை இனி நானும் தொடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கண்டக்டர்


பிப்ரவரி 2

டிரைவர் அண்ணனுக்கு,

பதில் இல்லை. கோபம் புரிகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், இந்த வாரம் ஆபரேஷன் என்று மகன் சொன்னார். நல்லது செய்தீர்கள். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. வண்டியில் எத்தனை தடவை பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது, அப்போதெல்லாம் நான் பயந்ததில்லை. ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தது.

இனி உங்களிடம் சாப்பாட்டுப் பேச்சே எடுக்கமாட்டேன். நீங்கள் இருந்தால் போதும்.

கண்டக்டர்


மார்ச் 20

என் அருமைக் கண்டக்டருக்கு,

பிழைத்துக் கிடக்கிறேன். உன்மேல் இருந்த கோபம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது. நீ அந்தப் பொட்டலத்தோடு வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

இப்போது கழுத்தில் போட்ட ஓட்டை வழியாக மூச்சு. மூக்குக்கு வேலை இல்லாததால் மணமும் தெரிவதில்லை. குழாயில் கஞ்சி போகிறது. அதையெல்லாம் பழகிக்கொண்டேன். பழக முடியாதது வேறொன்று.

இந்த வீட்டில் என் கண்ணில் படும்படி யாரும் சாப்பிடுவதில்லை. அடுப்பில் எதையாவது வைத்தால் மருமகள் சமையலறைக் கதவைச் சாத்துகிறாள். மகன் ஆபீஸிலேயே தின்றுவிட்டு வந்து, பசியில்லை என்கிறான். பேத்தி பிஸ்கட் பொட்டலத்தோடு குளியலறைக்குள் போகிறாள். உன் அண்ணி அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். நான் போய் நின்றால் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள். என்னால் ஒரு குடும்பமே திருட்டுச் சோறு தின்கிறது. சிலேட்டில் எழுதிக் காட்டினேன், "என் முன்னாடி உக்காந்து சாப்பிடுங்க"ன்னு. அதைப் படித்துவிட்டு எல்லாரும் அழுதார்கள். அன்றைக்கு அந்தச் சோறும் வீணானது.

போதாததற்கு நீயும் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாய். யாரைக் கேட்டுப் பண்ணினாய்? எனக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆளாளுக்கு என்னை உயிரோடு படமாக்கிச் சுவரில் மாட்டுகிறீர்கள்.

நீ வா. மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு வந்து சேர். அந்த அம்மாவிடம் கேக்கும், பக்கத்துக் கடையில் சுட்ட சோளமும், வறுத்த கடலையும், உனக்குப் பிடித்தது எல்லாமும் வாங்கிக்கொண்டு வா. என் எதிரில் உட்கார்ந்து தின்னு. உனக்குத்தான் சாப்பாட்டு விஷயத்தில் வெட்கமே கிடையாதே. உதட்டில் வெல்லம் ஒழுகட்டும், ஏப்பம் விடு, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொல். எனக்குப் பார்க்கக் கண் இருக்கிறது, கேட்கக் காது இருக்கிறது. நீ பாவம் பார்த்து மென்று முழுங்கினால் அப்போதே எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிடுவேன்.

நீ கூச்சமில்லாமல் தின்பதைப் பார்த்தால் உன் அண்ணியும் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று நம்புகிறேன். ரொம்ப இளைத்துவிட்டாள். அவள் ஒரு நாள் வயிறு நிறையச் சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும்.

உன் டிரைவர்