நாற்காலியில் மாட்டிய ஏப்ரன்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா இனிப்பைக் குறைத்தாரா, ஒளித்துவைத்துத் தின்கிறாரா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

போன ஞாயிறு எங்கள் ரொட்டிக்கடை முதலாளியின் மகளுக்குக் கல்யாண விருந்து. முதலாளியே என்னைக் கூப்பிட்டிருந்தார். நல்ல உடுப்பு போட்டு, பரிசோடு போனேன். வாசலிலேயே சூப்பர்வைசர் வழிமறித்து ஒரு ஏப்ரனை நீட்டினார்.

"பின்பக்கமா வந்து பரிமாறு."

"இன்னைக்கு எனக்கு லீவு அண்ணே. சாப்பிட வந்திருக்கேன்."

ஏப்ரனை வாங்கி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, அதே நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தேன். ஊரே பார்த்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து வாரம் முழுக்கக் கடையில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும். அன்று ஏப்ரன் கட்டிப் பரிமாறிய, மாவு பிசைகிற அக்கா மட்டும் நேற்று காதோரம் வந்தார்.

"அடுத்த மாசம் ரொட்டிக்கடைக்காரங்க சங்கத்து விருந்து இருக்குல்ல? உன் பக்கத்துல எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை."

அதனால் என் பச்சை உடுப்பை உடனே அனுப்புங்கள். நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அந்தப் போட்டோவையும் வையுங்கள். போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். நீங்கள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கொஞ்சம் கேட்கட்டும்.

அடுப்பு சூடேறிவிட்டது, சூப்பர்வைசர் கத்துகிறார். கத்தட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உங்கள் மூத்தவள்