பன்னிரண்டரை மணிக்காரர்

அக்டோபர் 25, சனி

காலையிலிருந்து தூறல். கொடியில் கிடக்கிற டிராக் பேண்ட் மூன்றாம் நாளாகக் காயவில்லை. வாங்க வேண்டியது: விசிலுக்குக் கயிறு, கொசுவத்தி, ஜெயாவின் முட்டிவலிக்குத் தைலம்.

டெரெக்கோடு இன்று நூற்றைம்பதாவது ஆட்டம். ஏப்ரலில் தொடங்கியது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் மரச்சாமான் கிடங்கில் வேலை பார்க்கிற ஆள். முகம் தெரியாது. குரல் தெரியாது. ஞாயிறு தவிர தினமும் மாலை ஐந்துக்கு நான் இலுப்பூரில் செல்போனைத் திறந்தால், அவர் அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருப்பார். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். ஒரே ஆட்டம். பேச்செல்லாம் செஸ் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள்தான். அவருடைய மழை, என்னுடைய மழை, அவர் முதுகுவலி, என் மனைவி ஜெயாவின் ஆஸ்பத்திரி டியூட்டி. ஆட்டம் முடிந்தால் பெட்டியும் மூடிக்கொள்ளும். தனியாக மெசேஜ் எழுத வசதி உண்டு. இரண்டு பேருமே எழுதியதில்லை. தேவைப்படவில்லை.

"வணக்கம், கோச்" என்றுதான் ஆரம்பிப்பார். பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. சார். மழை பெய்தால் என் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். வெயில் அடித்தாலும் எடுத்துக்கொள்வார். என்னைக் கோச் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்.

அவர் ஊர் மணி தெரிய என்னிடம் ஒரு வித்தை. கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் இங்கிலாந்து மணி. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் செய்து காட்டிப் பெயர் வாங்கியிருக்கிறேன். நம் ஐந்து மணி தலைகீழாகப் பதினொன்றரை. ஆனால் டெ. மட்டும் பன்னிரண்டரை என்பார். நம் வீட்டில் பஸ்ஸுக்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைக்கிறோம். அவர் ஒரு மணி நேரம் கூட்டி வைத்திருக்கிறார் போல. முதலாளிக்குப் பயந்த ஆள். ஒருநாள் கேட்டேன், உங்கள் கடிகாரம் ஏன் இவ்வளவு வேகம் என்று. அரசாங்கத்தைக் கேளுங்கள் என்று எழுதினார். சிரித்துவைத்தேன்.

இன்றைய ஆட்டம். ஜெயிக்கிற நிலையில் அவர். மவுஸ் வழுக்கி, ராணி ஒரு கட்டம் தள்ளி என் குதிரையின் வாயில் போய் விழுந்தது. கை தவறிவிட்டது, திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மறு என்ற பட்டனை அழுத்தினேன். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லித்தருகிறேன். ராணியை வெட்டினேன். ஜெயித்தேன்.

"விதி விதிதான், கோச்" என்று எழுதிவிட்டுப் போனார்.

இந்தத் தம்மாத்தூண்டு போனில் என் விரல் தவறிய மூன்று முறையும் அவர் திரும்பக் கொடுத்திருக்கிறார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்கு ஐந்து நிமிஷம் லேட். பிரசங்கம் நீளம். மட்டன் கடையில் கூட்டம். ஆட்டம் கிடையாது.

அந்த "கோச்" மண்டைக்குள்ளேயே நிற்கிறது. குத்திக்காட்டத்தான் சொல்லியிருக்கிறார். ஜெயாவிடம் நடந்ததைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த மனுசன் வாயத்தொறந்து கேட்டாருல்ல. ஒருதரம் குடுத்திருந்தா என்னங்க கொறஞ்சா போயிருவீங்க?"

விளையாட்டில் அதெல்லாம் இல்லை என்றேன். ஆமா, ஒலிம்பிக்கு என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

கனமழை. மைதானம் குளம். என்னை மணி அடிக்கவும் குடை ஒழுங்குபடுத்தவும் விட்டார்கள். பட்டப்படிப்பு, அதற்கு மேல் ஒரு படிப்பு, குடை.

மாலை ஐந்து. டெ. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இல்லை. அழைப்பு அனுப்பினேன். ஆள் உள்ளே இல்லாவிட்டால் அது சில நொடியில் தானாகவே காலாவதி. போனதற்குத் தடயமும் இருக்காது. ஐந்தே கால், ஐந்தரை. ஒன்றுமில்லை. ஐந்து நாற்பதுக்குப் போனைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயா வருகிற பஸ் ஆறு மணிக்கு. மழையில் ஆறேகாலுக்கு வந்தது.

முதுகுவலியாக இருக்கும்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. விசில் கயிறு வாங்கியாயிற்று. தைலம் மறந்தேன்.

ஐந்து முதல் ஐந்து நாற்பது வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. முதுகுவலி இல்லை. கோபம். ஒரு ராணிக்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆம்பளை. தோற்கத் தெரியாதவனுக்கு எதற்கு விளையாட்டு? ஏழு மாதமாகப் பேசிய பேச்செல்லாம் ஜெயிக்கும்வரைதான் போல.

எனக்கு வலிக்கிறது. இதில் என்ன மறைப்பு. நாற்பத்தேழு வயதில், பார்த்தே இராத ஒருவனுக்காகக் காத்திருந்து முகம் தொங்கிப் போகிறேன். ஜெயா பின்சீட்டில் உட்கார்ந்து ஏதோ வார்டு கதை சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

அக்டோபர் 29, புதன்

மழை இல்லை. புழுக்கம். கணக்கு சார் இன்றும் எட்டாம் வகுப்பை எடுத்துக்கொண்டார்.

ஐந்து மணி. பச்சைப் புள்ளி இல்லை. ஐந்து இருபதுக்குப் பொறுமை போயிற்று. அவருக்கு மெசேஜ் எழுதினேன். அகராதியைப் பார்த்துப் பார்த்து, நல்ல இங்கிலீஷில். சாரம்: நீங்கள் தோற்கத் தெரியாதவர். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உங்களைவிடப் பண்பு அதிகம். ஒளிந்துகொள்ள வேண்டாம், நானே இனி வரமாட்டேன்.

அனுப்பியதும் நெஞ்சு லேசானது. பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி சாப்பிட்டேன். ஜெயாவுக்கும் இரண்டு.

ஏழு மாதத்தில் அவருக்கு எழுதிய முதல் மெசேஜ்.

அக்டோபர் 30, வியாழன்

காலை ஏழரை, ஷேவ் செய்யும்போது போனைப் பார்த்தேன். பதில் நேற்று சாயங்காலமே வந்து கிடக்கிறது. தமிழில் எழுதிவைக்கிறேன், பிறகு அந்த இங்கிலீஷைப் பார்க்க மனசு வராது.

"திங்கள், செவ்வாய், இன்று, மூன்று நாளும் பன்னிரண்டரைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன், எப்போதும்போல. நீங்கள் வரவில்லை. உங்கள் பக்கம் மழை வெள்ளம் என்று செய்தியில் சொன்னார்கள், பயந்துபோனேன். சனிக்கிழமை ஆட்டத்தை நான் நினைக்கவே இல்லை. நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்ததில் நிம்மதி."

கோச் இல்லை. எந்தப் பெயரும் இல்லை.

வந்தாராம். நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் வந்தாராம். கன்னத்தில் சோப்பு நுரையோடு பதில் அடித்தேன்: மூன்று நாளும் நான் இருந்தேன், நீங்கள் இல்லை, பொய் சொல்லாதீர்கள். அனுப்பிவிட்டு மீசையில் வெட்டிக்கொண்டேன்.

பதினோரு மணி, ஸ்டாஃப் ரூம். சாட்சிக்கு ஆள் வேண்டுமே. பூகோளம் எடுக்கிற மரிய செல்வி டீச்சரிடம் கைக்கடிகாரத்தைத் தலைகீழாகக் காட்டி, இந்த வெள்ளைக்காரன் எப்படிப் புளுகுகிறான் பாருங்கள் என்றேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சார், அங்கிட்டு மார்ச்சுல கடிகாரத்த ஒரு மணி நேரம் கூட்டி வச்சிருவாங்க. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழம திரும்பக் கொறச்சிருவாங்க. வீட்டுக் கடிகாரம் மட்டும் இல்ல சார், நாடு மொத்தமும். போன ஞாயித்துக்கெழமதான் மாத்தியிருப்பாங்க."

எனக்கு உடனே ஏறவில்லை. டீச்சர் ஒரு சாக்பீஸ் டப்பாவின் மேல் எழுதிக் காட்டினார். அவருடைய பன்னிரண்டரை போன சனி வரைக்கும் நமக்கு ஐந்து. திங்களிலிருந்து ஆறு.

ஆறு மணிக்கு நான் பஸ் ஸ்டாண்டில். போன் பைக்குள்.

அப்படியென்றால் ஏழு மாதமாக இந்தத் தலைகீழ் வித்தை தப்பு. ஊருக்கே செய்து காட்டியது தப்பு. இந்த வாரம்தான் அது சரியாக ஆரம்பித்திருக்கிறது. முதன்முதலில் காட்டியபோதே ஏன் சொல்லவில்லை என்று டீச்சரிடம் கேட்டேன்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்க சார்."

சத்துணவில் இன்று முட்டை. வாசனையே பிடிக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

தூறல். ராத்திரி சரியான தூக்கம் இல்லை. நேற்று வந்ததும் ஜெயாவிடம் எல்லாம் சொல்லியாயிற்று. பொழுது விடிந்ததும் டெ.க்கு மன்னிப்பு எழுதினேன். நேரக் குழப்பம், முட்டாள்தனம் என்னுடையது, ராணியையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், எல்லாம். அனுப்பு பட்டனை அழுத்தினால் சிவப்பில் ஒரு வரி. இந்த ஆட்டக்காரர் உங்களிடமிருந்து மெசேஜ் பெற விரும்பவில்லை. ஆட்ட அழைப்பு அனுப்பிப் பார்த்தேன். அதற்கும் அதே வரி.

முதல் மெசேஜுக்குத் தடுக்கவில்லை. திட்டினேன், பொறுத்தார். பொய்யன் என்றதும் கதவைச் சாத்தினார். நியாயம். நியாயமாக இருப்பதுதான் எரிகிறது.

பைக்கில் வரும்போது ஜெயா கேட்டாள், எழுதினீங்களா என்று. போகவில்லை என்றேன்.

"மூணு நாளு அந்த மனுசன் சோத்து நேரத்துல ஒங்களுக்காக உக்காந்திருக்காரு. வெள்ளத்துல போயிட்டீங்களோன்னு பயந்திருக்காரு. நீங்க இங்கிட்டு உக்காந்து திட்டுறதுக்கு இங்கிலீஷ் தேடிக்கிட்டு இருந்திருக்கீங்க."

வண்டியை ஓட்டினேன்.

நவம்பர் 1, சனி

மழை இல்லை. தைலம் வாங்கியாயிற்று. நாளை கல்லறைத் திருநாள்: பூ, மெழுகுவத்தி, அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆள்.

ஜெயாவை இன்று ஆட்டோவில் வரச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ஸ்கூல் வேலை என்றேன்.

வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்கினேன். நாடு என்ற இடத்தைக் காலியாக விட்டேன். ஆறு மணிக்கு உள்ளே போனேன். பச்சைப் புள்ளி. அழைப்பு அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் நல்ல மதியம் என்றார். நானும் அதையே அடித்தேன். எனக்கு இருட்டிவிட்டது, அதைச் சொல்ல முடியாது. எந்த ஊர் என்று கேட்டார். பார்க்காததுபோல இருந்துவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். முதல் பத்து நகர்த்தல் மளமளவென்று. அவர் மந்திரியை எங்கே வைப்பார், எப்போது யோசிப்பார், எப்போது சாண்ட்விச்சைக் கடிப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்து அழித்தேன். சொன்ன நொடியில் போய்விடுவார். சொல்லாவிட்டால் இந்தப் பதினைந்து நிமிஷமாவது.

பதினேழாவது நகர்த்தலில் குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோனேன். வேறு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். என் கெட்ட பழக்கம். அவர் அதற்கு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். இன்று சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுதினார், நீங்கள் எனக்குத் தெரிந்த ஒருவரைப்போல ஆடுகிறீர்கள் என்று.

யார் என்று கேட்டேன்.

இந்தியாவில் இருக்கிறார் என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். நல்ல மனிதரா?

அவருடைய நகர்த்தல். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது விநாடி, ஐம்பது விநாடி. காய் நகரவில்லை. பெட்டியில் எழுத்து வந்தது.

"நன்றாக ஆடுவார்."

நன்றி என்று அடித்தேன். அழித்தேன். அவர் யானையை நகர்த்தினார். நானும் நகர்த்தினேன்.