தாளின் பின்பக்கத்தையும் வாசித்துவிட்டேன்

என் செல்லப் பேத்திக்கு உன் பாட்டி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே ஆண்டவர் கிருபையால் என் முழங்கால் வலியும் உன் அம்மாவின் தும்மலும் உன் அப்பாவின் முன்கோபமும் குறைவில்லாமல் இருக்கின்றன, அவற்றோடு சேர்ந்து நாங்களும் சுகமாகவே இருக்கிறோம். நீயும் அந்த இஸ்திரிக் கடை மாடி அறையில், கீழே பெட்டி சூடேறினால் மேலே உங்கள் தரையும் சூடேறும் என்று எழுதியிருந்தாயே, அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். உன்னோடு ஜோடியாக ஊழியம் செய்கிற நர்ஸ் அக்காவை நான் விசாரித்ததாகச் சொல். அவள் அடுப்பு மூட்டினால் கீழே இஸ்திரிக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவருகிறார் என்று எழுதியிருந்ததை நினைத்து நினைத்துச் சிரித்தேன், ஆனாலும் சமையலை நீயே பார்த்துக்கொள்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, உன் அப்பா கையிலேயே வருகிறது. பசை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறேன், பிரித்திருந்தால் உனக்குத் தெரிந்துவிடும். பிரிக்கமாட்டான், பெற்றவளுக்குத் தெரியாதா, இருந்தாலும் பயணம் நீளமானது, மனசு கேட்காது. நீ முதலில் அவனை உட்காரவைத்துக் குடிக்க ஏதாவது கொடு, ஊழியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே, தனியாகப் போய் இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் வந்து பேசு. ஏனென்றால் அவன் உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் வந்திருக்கிறான். திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்துவைத்திருக்கிறான். அதற்குக் காரணம் நான். அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நீ கோடு போட்ட தாளில் சபைக்கும் கோடில்லாத தாளில் எனக்கும் எழுதுவதுதானே நம் வழக்கம். சபைக்கு வருவதை ஆராதனை முடிந்து அறிவிப்புக்கு முன்னால் நான்தான் மைக்கில் வாசிக்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். அந்த உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. போதகர்கூட ஒருமுறை, "நான் வாசிக்கட்டுமா அம்மா, உங்களுக்கு நிக்கக் கஷ்டமா இருக்குமே" என்று கேட்டுப் பார்த்தார். "உங்களுக்குப் பிரசங்கம் இருக்கு, எனக்கு என் பேத்தி இருக்கா" என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவள் பத்தொன்பது தடவை மைக் முன்னால் நின்றிருக்கிறேன் என்றால் சும்மாவா. ஆனால் நான் வாசிக்கும் லட்சணம் உனக்குத் தெரியாததில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்துக் கூட்டி, வாயால் சொல்லி முடித்த பிறகுதான் அர்த்தம் எனக்குள் இறங்கும். அதனால்தான் சனிக்கிழமையே வீட்டில் நாலைந்து முறை படித்துப் பழகிக்கொள்வேன். இந்தத் தடவை சனிக்கிழமை கடிதம் வரவில்லை. நம் சபைக்கு வருகிற தபால்காரரின் சைக்கிள் பஞ்சராகி, ஞாயிறு காலை ஆலய வாசலில் வைத்துத்தான் கையில் கொடுத்தார். ஒரே ஒரு தாள்தான் இருந்தது. உனக்குக் கோடில்லாத தாள் தீர்ந்துபோயிருக்கிறது, எனக்கு எழுதவேண்டியதைச் சபைக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். நான் அதைக் கண்டேனா? முன்பக்கம் முடிந்தது, தாளைத் திருப்பினேன், விரலை வைத்தேன், போய்க்கொண்டே இருந்தேன்.

முன்பக்கத்தில், ஊழியம் நாளுக்கு நாள் வளர்கிறது, ஜெபியுங்கள் என்று எழுதியிருந்தாய். பின்பக்கத்தின் முதல் வரியே, "வளர்கிறது என்று எழுதிவிட்டேன் பாட்டி, உண்மையில் வளர்வது என் செருப்பில் இருக்கிற ஓட்டை மட்டும்தான்" என்று இருந்தது. அதையும் மைக்கில் வாசித்தேன். பிள்ளைகள் பக்கத்தில் சிரித்தார்கள், எனக்கு ஏன் என்று புரியவில்லை. ஐந்து மாதத்தில் ஒருவரைக்கூட ஆண்டவரண்டை கொண்டுவரவில்லை, கதவைத் தட்டினால் உள்ளே வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள், திறக்கிறது ஒரே ஒரு கதவுதான் என்று எழுதினதையும் வாசித்தேன். அது டிக்கெட்டம்மாவின் கதவு என்றும், ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தவருக்கு இப்போது படி இறங்கக் கால் வரவில்லை என்றும், முதல் நாளே கதவிடுக்கில் நின்று, "சாமி பேச்சு மட்டும் வேண்டாம், கை சும்மா இருந்தா ரெண்டு வாளி தண்ணி புடிச்சு வெச்சிட்டுப் போ" என்று சொன்னார் என்றும், நீ சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டு அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குக் குழாயடியில் வரிசையில் நின்று, முப்பத்தொரு படி ஏறி, இரண்டு நடையாக நாலு வாளி கொண்டுபோய் வைக்கிறாய் என்றும் வாசித்தேன். வாராவாரம் அனுப்புகிற ஊழிய அறிக்கையில் எத்தனை வீடு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று கட்டம் இருக்கிறது, தண்ணீருக்குக் கட்டம் இல்லை, நான் பூஜ்யம்தான் போடுகிறேன் பாட்டி என்ற இடத்தில்தான் எனக்கு அர்த்தம் வந்து சேர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து மடக்குங்கள், மடக்குங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இனிமேல் எழுதுவதுதான் உனக்குக் கோபம் வரவேண்டிய இடம். நான் மடக்கவில்லை. இதற்கு முன் பத்தொன்பது கடிதம் வாசித்தேனே, ஒன்றிலும் உன் குரல் கேட்டதில்லை, நோட்டீஸ் படித்தது போல இருக்கும். இதில்தான் நீ இருந்தாய். சனிக்கிழமை தோறும் அந்த அம்மாவின் தலையை அலசிவிடுகிறாய், அவருக்குக் குனிய முடியாது என்று கால் நகம் வெட்டிவிடுகிறாய், மூன்றாம் மாதம் அவரே, "உன் ஆண்டவர் உன்னை நல்லாத்தான் வேலை வாங்குறாரு, சம்பளம் ஏதாவது குடுக்கறாரா" என்று வாயைக் கிளறியபோதும் வாக்குக் கொடுத்தோமே என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாய். இதையெல்லாம் நான் ஒருத்தி மட்டும் படித்து மடித்துப் பெட்டியில் வைப்பதா? கர்வம் தலைக்கேறிவிட்டது கண்ணே. முதல் பாதியை என் படிப்பின் குறை என்று வைத்துக்கொள், மறுபாதி முழுக்க என் திமிர். கடைசி நாலு வரியை மட்டும் வாசிக்கவில்லை. அதில் நீ கேட்டிருந்த கேள்வி உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

வாசித்து முடித்ததும் சபைச் செயலர் எழுந்தார். நீ எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் முடிவில் எத்தனை பேர், எத்தனை பேர் என்று கேட்பாரே, நீகூட எத்தனை மாமா என்று பெயர் வைத்தாயே, அவரேதான். "அப்போ அஞ்சு மாசத்துல ஒருத்தர்கூட இல்லியா பாட்டி? நாம கை வெச்சு ஜெபம் பண்ணி அனுப்பினது தண்ணி புடிக்கவா?" என்று கேட்டார். நான் மைக்கை விட்டு நகரவே இல்லை. "ஆமா தம்பி, தண்ணி புடிக்கத்தான். உங்க வீட்டுல யாரு புடிக்கறாங்க?" என்றேன். சபை முழுக்கச் சிரித்தது, அதிலும் அவருடைய வீட்டம்மாதான் ரொம்ப நேரம் சிரித்தாள். "வாயைத் திறக்காதேன்னு சொன்ன வீட்டுல அஞ்சு மாசமா வாயைத் திறக்காம வேலை செஞ்சிருக்கா. திறந்த வாயை மூடத் தெரியாத என் வம்சத்துல இப்படி ஒருத்தி பொறந்திருக்கான்னு நானே இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். போதகர் அறிவிப்பு ஒன்றும் வாசிக்காமல் ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிட்டார். மைக் பார்க்கிற எலெக்ட்ரீஷியன் தம்பி பாட்டு முடிந்ததும் வெளியே கட்டின ஒலிபெருக்கியை அணைக்க வேண்டியவன், அன்றைக்கு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததில் அணைக்க மறந்துவிட்டான், தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. மறுநாள் நான் மருந்து வாங்கப் போனால், நம் ஆலயப் படியை ஒருநாளும் மிதித்திராத டீக்கடைக்காரர் கூப்பிட்டு, "பாட்டி, அந்த டிக்கெட்டம்மாவுக்கு இப்போ கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். உன்னைத் தெரியாது அவருக்கு. அன்றைக்கு நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆனால் உன் அப்பா உடைந்துபோனான். மூப்பர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவன் தலை குனிந்தவன் நிமிரவே இல்லை. அவன் வேலை செய்கிற பட்டறையில் லேத் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, என் பெண் அங்கே ஊரையே மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறான். அந்த வெட்கம் கொஞ்சம்தான், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எம்பொண்ணு கஷ்டப்படறதை நான் ஒலிபெருக்கியிலயா கேக்கணும்? எனக்கு ஒரு வரி எழுதலியேம்மா அவ" என்றான். உண்மைதானே, அவன் பெருமை பேசுகிறவன் என்பதால் உன் கஷ்டத்தை நீயும் அவனிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து, போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றுவிட்டான். உன் அம்மா உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாள், தலையணைக்குப் புது உறை போட்டாள், அப்புறம் துணி மடித்துக்கொண்டே, "அவ வந்துட்டா அந்தம்மாவுக்கு யாருங்க தண்ணி புடிப்பா?" என்று கேட்டாள். அவன் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துத் துடைத்தான்.

இடையில் வீட்டுச் சேதி. முன்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், உன் உயரம் குறித்திருந்த கோடுகளை மட்டும் விட்டு அடிக்கச் சொன்னேன், பெயின்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். உன் தம்பி மீசை வைத்திருக்கிறான், உற்றுப் பார்த்தால் தெரியும். உன் அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது எல்லோர் வீட்டுத் தூசியும் அவளுக்குத் தெரிகிறது. நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே. வாளி தூக்கும்போது ஒரே கையில் தூக்காதே, இரண்டு பக்கமும் சமமாகப் பிடி, இடுப்பு போனால் ஊழியமும் போச்சு. செருப்பு வாங்கி உன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன், அடி கனமானது, பார்க்க அழகில்லை, உழைக்கும்.

இப்போது நீ கடைசி நாலு வரியில் கேட்டதற்கு வருகிறேன். திரும்பி வந்துவிடட்டுமா பாட்டி, நீயே சொல், நீ சொன்னால் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா என்று சொல்ல என் நாக்கு நுனியில்தான் இருக்கிறது. உன் ஊழியக் காலம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, என் வயதுக்கு அது பெரிய தூரம். ஆனால் பூஜ்யம் போட்டோமே என்று வராதே. அதை நான் ஒப்பமாட்டேன். நீ பூஜ்யம் போட்ட தாளை வைத்துக்கொண்டுதான் உன் பாட்டி தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். உன் அப்பாவும் வா என்பான், நீயும் களைத்துப்போய் இருப்பாய், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டு அன்றைக்கே வண்டி ஏறிவிடுவீர்கள் என்பதுதான் எனக்குப் பயம். அதனால் அவனை ஒரு ராத்திரி தங்கவை, இஸ்திரிக்காரர் இடம் கொடுப்பார். காலையில் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போ. ஆளுக்கு இரண்டு வாளி. முப்பத்தொரு படியும் ஏறட்டும். டிக்கெட்டம்மா வீட்டுக்குள் வாயைத் திறக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்துவிடுவான், நீ கொடுத்த வாக்குப் போய்விடும். தண்ணீரை வைத்துவிட்டு இறங்கும்போது, பாட்டியிடம் கேட்டதை அவனிடமே கேள், உன் வாயாலேயே கேள், இனி அவன் எதையும் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். அதற்கப்புறமும் அவன் வா என்றால், உனக்கும் வரத்தான் தோன்றினால், தாராளமாக வா, நம் வீட்டில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டோம், எத்தனை மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, டிக்கெட்டம்மாவிடம் நாளையிலிருந்து வரமாட்டேன் என்று நீயே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்றால் அதுவே உன் கேள்விக்குப் பதில், நான் தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக, உன் கைக்கும் இடுப்புக்கும் பெலன் தருவாராக. புதுச் செருப்பு கடித்தால் குதிகாலில் எண்ணெய் தடவு. கோடில்லாத தாள் ஒரு கட்டு அப்பாவின் பெட்டியில், துண்டுக்கு அடியில் இருக்கிறது, மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள். நான் செய்ததை மன்னிக்க மனம் வந்தால் அதில் எனக்கு எழுது. வராவிட்டால் சபைத் தாளில் மட்டும் எழுது, எனக்குப் புரியும், அதையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மைக் முன்னால் போவேன்.

உன்னைப் பெறாமலே பெற்ற பெருமையோடு,
உன் பாட்டி